பச்சை மையில் எண்பத்தெட்டு

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு கோல்ஃப் பந்தை வைத்திருக்கிறேன். உருண்டு ஓடும் பொருளைப் போய் யாராவது இதற்கு வைப்பார்களா என்று அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. அது உருளாது. அடியில் ஒரு பழைய இரும்பு வளையத்தைக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன். பந்தின் மேல் பச்சை மையில் 88 என்று எழுதியிருக்கும். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு அந்த மை இப்போது பழுத்த இலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கோல்ஃப் ஆடுவீர்களா மேடம் என்று அடுத்த கேள்வி வரும். நான் அந்த மட்டையைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆனால் பந்தில் இருக்கும் எழுத்து என்னுடையது. வெளியே வைட்ஃபீல்ட் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கிற மாலை நேரங்களில் அந்த எண்ணைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் கண்ணுக்குள் ஒரு பனிமூட்டமான புல்வெளி வந்து நிற்கும். அதன் நடுவே தொப்பி போட்ட ஒரு மனிதர், எங்கேயோ போய்விட்ட பந்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

அவர் எங்கள் ஆலையின் மேலாளர். தொண்ணூறுகளின் நடுவில் பொம்மசந்திராவில், வண்டிகளின் ஸ்டீயரிங்குக்குள் போகும் விரல் பருமனான உருளைகளைச் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் நான் தரப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆம்பூரிலிருந்து வந்தவளுக்கு பெங்களூர்க் குளிரும் பெங்களூர்த் தமிழும் பழகச் சிறிது காலம் பிடித்தது. மேலாளர் பிரேசர் டவுன்காரர், பல தலைமுறையாக இந்த ஊரிலேயே வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவர் பேச்சு தமிழில் தொடங்கி, கன்னடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆங்கிலத்தில் போய் நிற்கும். வேலையில் மகா கறார். ஓர் உருளை மயிரிழை பிசகினாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். பெட்டியில் இருப்பதிலேயே நல்ல ஒன்றை எடுத்துக் காட்டி, 'எல்லாமே இப்படித்தான் சார் இருக்கும்' என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னபோது, மோசமான ஒன்றைக் காட்டு, அதுதான் உன் வேலையின் அளவு என்று அவரைத் திருப்பி அனுப்பியவர் இவர். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் எனக்கு இவர்மேல் மரியாதையே வந்தது.

அதே மனிதர் சனிக்கிழமை மாலையானால் என் பரிசோதனை அறைக்கு வந்து நிற்பார். தேறிய உருளைகளில் நாங்கள் பச்சைப் புள்ளி வைப்போம், தேறாதவற்றில் சிவப்பு. அந்தப் பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையிலிருந்து பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் நிதானமாக 88 என்று எழுதுவார். கோல்ஃப் ஆடுகிறவர்கள் தங்கள் பந்து வேறொருவர் பந்தோடு கலந்துவிடாமலிருக்க ஏதாவது குறி போட்டுக்கொள்வார்களாம். மற்றவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்கள். இவர் மட்டும் மறுநாள் தாம் எடுக்கப்போகும் அடிகளின் எண்ணிக்கையைப் போட்டார். கோல்ஃபில் அடிகள் குறையக் குறையத்தான் நல்ல ஆட்டம். பதினெட்டுக் குழிகளையும் எழுபத்திரண்டு அடியில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். எண்பத்தெட்டு என்றால் வாரத்துக்கு ஒருமுறை ஆடும் ஆளுக்குப் பெரிய கௌரவம். அளக்காமலேயே பச்சை போடுகிறீர்களே சார் என்று நான் சீண்டுவேன். "சும்னே இரும்மா, நாளைக்குப் பாரு" என்பார். திங்கட்கிழமை காலையில் கேட்டால் நூற்றுப் பதிமூன்று, நூற்றுப் பத்தொன்பது என்று ஏதோ ஒன்றை, சளி பிடித்திருப்பதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்வார்.

எண்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். வெகு நாளைக்கு முன் ஒரு காலையில் முதல் ஒன்பது குழிகளை நாற்பத்து நான்கு அடியில் முடித்திருக்கிறார். அதோடு மழை பிடித்துக்கொண்டது, ஆட்டம் நின்றுவிட்டது. நாற்பத்து நான்கை இரண்டால் பெருக்கினால் எண்பத்தெட்டு. அவ்வளவுதான் கணக்கு. ஒரே ஒரு நல்ல உருளையைக் காட்டிய மேற்பார்வையாளரைத் திருப்பி அனுப்பியவர், ஒரே ஒரு நல்ல காலையைக் காட்டித் தன்னைத் தேற வைத்துக்கொண்டிருந்தார். அந்த மைதானத்தில் ஒரு குளம் உண்டாம். எப்போதோ ஒருமுறை ஒரு குறிப்பிட்ட மட்டையால் அதைத் தாண்டி அடித்துவிட்டாராம். அன்றிலிருந்து அங்கே வேறு மட்டையை எடுத்ததே இல்லை, பந்தும் குளத்தில் விழாமல் இருந்ததில்லை. குளத்தின் அடியில் எத்தனை எண்பத்தெட்டுகள் சேற்றில் புதைந்து கிடக்கின்றனவோ என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிறு காலை ஆராதனையை விட்டுவிட்டு இப்படிப் போகிறாரே என்று அவர் மனைவிக்கு மனக்குறை. மாலை ஆராதனைக்குத் தவறாமல் போய்விடுவார். காலையில் ஆடிய ஆட்டத்துக்கு மாலையில் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று அந்த அம்மா சொல்லிச் சிரிப்பார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, அந்த வருடம் வரும் வரைக்கும். வெளிநாட்டு உருளைகள் மலிவாக இறங்கத் தொடங்கியதும் எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இரண்டாம் ஷிஃப்டில் பாதி இயந்திரங்கள் ஓடாமல் நின்றன. அந்த நேரத்தில் சென்னையில் ஒரு பெரிய வாகன நிறுவனம் உருளைகளுக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்து, மேலாளர் அதன் கொள்முதல் தலைவரோடு பேசினார். அவரும் கோல்ஃப் பிரியர். பெங்களூர் வரும்போது ஒரு ஞாயிறு காலை சேர்ந்து ஆடலாம், உங்கள் ஆட்டம் எந்த அளவு என்று ஃபேக்ஸில் கேட்டிருந்தார். எழுபத்திரண்டுக்கு மேல் வழக்கமாக எத்தனை அடி கூடுதலாக எடுப்பார் என்பதுதான் ஓர் ஆட்டக்காரரின் அளவு. மேலாளர் பதினாறு என்று பதில் அனுப்பினார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களைக் கூட்டி வைத்து, ஆர்டர் முழுசாக வந்துவிடும், யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். எண்பத்தெட்டைப் பந்தில் எழுதட்டும், குடும்பம் குட்டியோடு இருப்பவர்கள் தலையில் எழுதலாமா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். அவர் சொல்லை நம்பி அத்திப்பள்ளியில் வாடகை வீட்டைக் காலி செய்யாமல் வைத்திருந்தார்கள்.

சென்னைக்காரருக்குத் தரப் பிரிவு ஆளையும் பார்க்க வேண்டும், ஆனால் ஞாயிறு காலையைத் தவிர வேறு நேரமில்லை. அதனால் நானும் மைதானத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஊருக்குக் கிழக்கே, விமானங்கள் தாழ இறங்குகிற பக்கத்தில் இருந்தது அது. ஜனவரி மாதத்துப் பனி. மரங்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தன. புல் முழுக்க ஈரம், என் செருப்பும் புடவைக் கரையும் சீக்கிரமே நனைந்துவிட்டன. பெங்களூரில் இத்தனை அமைதி எங்கே ஒளிந்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. மேலாளர் முதல் பந்தை வைத்து, குனிந்து, நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டு வீசினார். டக்கென்று ஒரு சத்தம். பந்து எழுந்து பனிக்குள் போய் மறைந்தது. நாங்கள் மூவரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாத அந்தச் சில விநாடிகளில் அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்கும் குழந்தையின் முகம்போல் இருந்தது. போய்ப் பார்த்தபோது பந்து யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வேரில் சிக்கிக் கிடந்தது.

சென்னைக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. தம் அளவு பதிமூன்று என்று முதலிலேயே சொல்லிவிட்டிருந்தார். ஆட ஆடத்தான் இருவர் குட்டும் வெளிப்பட்டது. இவர் இடப்பக்கப் புதரில் தேடினால் அவர் வலப்பக்கப் புதரில் தேடினார். நடுவில் விரித்து வைத்திருந்த அழகான புல்வெளியில் நடந்தது நான் மட்டும்தான். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் சென்னைக்காரர், 'இன்னைக்குக் கை ஓடலை, ராத்திரி பஸ்ஸில் தூங்கலை' என்று ஏதாவது சொன்னார். எங்களுக்கு முன்னும் பின்னும் ஆடிய கூட்டங்களிலிருந்தும் அதே பேச்சுதான் பனியில் மிதந்து வந்தது. இன்னைக்கு மட்டும் இப்படி ஆகுது, இன்னைக்கு மட்டும். வாரா வாரம் நடப்பது விபத்து, என்றோ ஒருநாள் நடந்ததுதான் இயல்பு என்று மனதார நம்புகிற மனிதர்கள் இத்தனை பேரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக, காலையில் குளித்து வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இப்படி நம்ப முடிகிறதே என்று கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒருவருடைய அடிகளை மற்றவர் அட்டையில் குறிப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். குழி முடிந்ததும் ஆடியவர் எண்ணைச் சொல்வார், எதிராளி எழுதிக்கொள்வார். மேலாளர் தம்முடைய எட்டையும் ஒன்பதையும் கூச்சமே இல்லாமல் சொன்னார். அடிப்பதற்கு முன் அவர் சொல்வதெல்லாம் கனவு, அடித்தபின் சொல்வதில் ஒரு சுழியும் குறையாது என்பதை அன்றுதான் கவனித்தேன். வெயில் ஏறி, பனி மேலேறிக் கலையத் தொடங்கிய நேரம். சென்னைக்காரரின் பந்து ஒரு லந்தானாப் புதருக்குள் போய்விட்டது. நான் பக்கத்திலேயே நின்றேன். முதல் வீச்சில் புல்தான் பறந்தது, பந்து அசையவில்லை. இரண்டாவதில் சாண் தூரம் நகர்ந்தது. மூன்றாவதில்தான் வெளியே வந்தது. ஒருவழியாகக் குழியில் தள்ளி முடித்துவிட்டு, "ஆறு" என்றார். என் வேலையே எண்ணுவது. கண் தானாக எண்ணிவிட்டிருந்தது. அது எட்டு.

மேலாளர் பென்சிலை அட்டையில் வைத்தவர் எழுதவில்லை. எழுதித் தொலையுங்கள் சார் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஆறோ எட்டோ, இது என்ன உருளையா, வண்டியா ஓடப்போகிறது, ஷிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் தணிந்த குரலில், "புதருக்குள்ள ரெண்டு இருக்குல்ல சார்?" என்றார். சென்னைக்காரர் முகம் மாறவில்லை. அது சும்மா வீசிப் பார்த்தது, கணக்கில் வராது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பக்கத்துல நின்னீங்களே மேடம். சொல்லுங்க, எத்தனை?" விற்க வந்தவர்கள் வாங்க வந்தவர் சொல்வதற்குத் தலையாட்டுவார்கள் என்ற நிச்சயம் அந்தக் குரலில் இருந்தது. நான் மேலாளரைப் பார்த்தேன். ஒரு சாடை, ஒரு கண்ணசைவு காட்டியிருந்தால் ஆறு என்றே சொல்லியிருப்பேன். அவரோ தாழ இறங்கிக்கொண்டிருந்த ஒரு விமானத்தை, வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு சார்" என்றேன். பெரிய நேர்மையாளி என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வேறு எண் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

"எழுதிக்குங்க" என்றுவிட்டுச் சென்னைக்காரர் விடுவிடுவென்று முன்னால் நடந்தார். மிச்சக் குழிகளையும் அவர்கள் ஆடினார்கள். முடிந்தபின் கிளப் வராந்தாவில் உட்கார்ந்து காபி சொன்னார்கள். சென்னைக்காரர் அட்டையை வாங்கித் தம் அடிகளைக் கூட்டினார். நூற்று ஏழு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுடையது என்று கேட்டார். நூற்றுப் பதினெட்டு என்றார் மேலாளர். பதினாறு என்று ஃபேக்ஸில் போட்டிருந்தீர்களே, இந்த லட்சணத்தில் உங்கள் உருளை அளவை மட்டும் நான் எப்படி நம்புவது என்று அவர் நேராகவே கேட்டுவிட்டார். மேலாளர் அவசரப்படவில்லை. ஒரு வாய் காபி குடித்தார்.

"ஃபேக்ஸ்ல போட்டது அடிக்கறதுக்கு முன்னாடி சார். உருளைல போட்டிருக்கறது அடிச்சதுக்கு அப்புறம். அடிச்சதுக்கு அப்புறம் எங்ககிட்ட யாரும் மாத்திச் சொல்ல மாட்டாங்க. இப்ப பாத்தீங்களே."

சென்னைக்காரர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பல வருடமாகத் தாம் நூறுக்குள் ஆடுவதாகத்தான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம் உருளைகளைப் பற்றி நிறையக் கேட்டார். சொன்னேன். காரில் ஏறிப் போய்விட்டார். திரும்பும் வழியில், நான் எட்டு என்று சொன்னதைப் பற்றி மேலாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓசூர் சாலையில் ஓரிடத்தில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தார். இட்லி நன்றாக இருக்கிறது என்றார்.

ஆர்டர் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. வந்தது அந்த எட்டினாலா, போனது அந்த எட்டினாலா, இல்லை விலை நிலவரம்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சென்னைக்காரரிடம் கேட்கும் அளவுக்குப் பழக்கமும் இல்லை. கடிதம் வந்த மாலையே மேலாளர் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போய் நின்றார். முழுசாக வரும் என்று சொன்னேன், பாதி வந்திருக்கிறது, நான் நினைத்தது தவறு என்றார். சுற்றி வளைக்கவில்லை. ஆட்களை இரண்டாகப் பிரித்து வாரம் விட்டு வாரம் வேலை கொடுத்தார். அது போதாதவர்களுக்குப் பக்கத்து ஆலைகளில் தாமே போய்க் கேட்டு இடம் வாங்கினார். வயதில் மூத்த ஃபிட்டர் ஒருவர் மட்டும் வேண்டாம் சார் என்று கணக்கை முடித்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கே போய்விட்டார். அவர் போன அன்று மேலாளர் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல் பச்சைப் பேனாவைக் கேட்டு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கப்புறமும் எப்படி சார் எண்பத்தெட்டு என்று எழுத மனசு வருகிறது என்று கேட்டுவிட்டேன். அவர் எழுதி முடித்து, மை காய ஊதினார். "அடிச்சதை மாத்த முடியாதும்மா. அடிக்காததுல எதுக்குக் கம்மியா ஆசைப்படணும்?" என்றார். அன்றைக்கு அது எனக்குச் சமாளிப்பாகத்தான் பட்டது. ஆனாலும் பேனாவைத் திருப்பிக் கேட்காமல் அவரிடமே விட்டுவிட்டேன். அதன் பிறகு இரண்டு வருடத்தில் மீதி ஆர்டரும் வந்து சேர்ந்தது. கிருஷ்ணகிரிக்காரருக்கு ஆள் அனுப்பினார், அவர் வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் வேறு வேலைக்கு மாறினேன், அவர் ஓய்வு பெற்றார். ஆலைக்குப் பக்கத்தில் மேம்பாலத்துக்குத் தூண்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. எப்போதாவது தொலைபேசியில் பேசுவோம். நூற்று நான்கு, நூற்றுப் பதினொன்று என்று சொல்வார். நூற்றுக்குக் கீழே அவர் கடைசிவரை இறங்கவே இல்லை. பிறகொரு மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னார். ஒரு சனிக்கிழமை மாலை பிரேசர் டவுன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி முகம்தான் சிரித்தது, கண் இரண்டும் முழுசாகச் சிரித்தன. அந்த அம்மா அச்சு முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆட்டப் பையை உள்ளறையில் போட்டுப் பூட்டிவிட்டேன், கண்ணில் பட்டால் ஏங்குகிறார் என்று சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னார். நான் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் இடது கையால் தலையணைக்கு அடியில் துழாவி ஒரு பந்தை எடுத்தார். புத்தம் புதிது, ஒரு கீறல்கூட இல்லை. பேனா இருக்கிறதா என்று கண்ணால் கேட்டார். பழக்க தோஷம், என் கைப்பையில் எப்போதும் ஒரு பச்சைப் பேனா கிடக்கும். கொடுத்தேன். இடது கையில் பிடித்து எழுதப் பார்த்தார். முனை வழுக்கிக்கொண்டே போனது. பந்தையும் பேனாவையும் என் மடியில் வைத்தார்.

"நாளைக்கு எவ்ளோ போடலாம்மா?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கோத்துக் கேட்டார்.

என் வாழ்நாளில் அளக்காமல் ஓர் எண்ணை யாருக்கும் நான் சொன்னதில்லை. ஒரு புதருக்காகக்கூட சொல்லவில்லை. அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னேன், எண்பத்தஞ்சு போடலாம் சார் என்று. அவர் உடனே தலையசைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காற்று எப்படி இருக்கிறது, புல் ஈரமா, முழங்கால் தாங்குமா என்று நிஜமாகவே யோசித்தார். எதிர்வீட்டு மரத்துக்கு மேலே எங்கிருந்தோ ஒரு விமானத்தின் சத்தம் வந்து கரைந்தது. அந்த ஜனவரிக் காலையில் பந்து பனிக்குள் போய் மறைந்தபோது பார்த்த அதே முகம், அதில் பாதி மட்டும், என் எதிரே இருந்தது.

"வேண்டாம்மா. எண்பத்தெட்டே போதும். ரொம்ப ஆசைப்படக் கூடாது."

எழுதினேன். தேறிய உருளைகளில் எத்தனையோ ஆயிரம் பச்சை வைத்த கை, முதல்முறையாக அளக்காத ஒன்றின் மேல் பச்சை வைத்தது. அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மை காய ஊதச் சொன்னார், ஊதினேன். பிறகு, தம்மிடம் இருந்தால் எங்கேயாவது தொலைந்துவிடும், நீயே வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இப்போது மணி ஆறாகிறது. வைட்ஃபீல்ட் சாலையில் வண்டிகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. பக்கத்து இருக்கைப் பையன் அடுத்த காலாண்டுக்கான எண்களை எழுதிக்கொண்டு வந்து, இது கொஞ்சம் அதிகமோ மேடம் என்று கேட்டுவிட்டுப் போனான். அதிகம்தான். கடந்த நாலு மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் நடக்கவே நடக்காது. முன்பெல்லாம் இப்படி ஒரு தாளைப் பார்த்தால் சிவப்புப் பேனாவைத் தேடுவேன். இன்றைக்கு அந்தத் தாளை மேசையில் வைத்து, பறக்காமலிருக்க மேலே வளையத்தையும் பந்தையும் எடுத்து வைத்தேன். அவர் எழுதிய எண்பத்தெட்டுகள் எல்லாம் குளத்திலும் புதரிலும் போய்விட்டன. இது ஒன்றுதான் இன்னும் அடிக்காமல் இருக்கிறது.